வாசலில் சொன்ன பொய்

ஆகஸ்ட் 19

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. தங்கச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன். இடது கைதான் உடைஞ்சிருக்கு, அதனால எழுத முடியுது.

நீங்க தினமும் தங்கச்சி போனுக்குக் கூப்பிடுறீங்க. அவளும் "அண்ணே, மாப்பிள்ளை லைன்ல இருக்கார்"னு ஓடி வர்றா. நான் வேண்டாம்னு தலையாட்டுறேன். உடனே உங்ககிட்ட "அண்ணன் குளிக்கிறார்"ங்கறா. வந்த நாள்லேர்ந்து நான் குளிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

பேச மாட்டேங்கறதுக்குக் காரணம் கோபம் மட்டும் இல்ல. உங்களுக்கு நல்ல குரல். கேட்டா நம்பத் தோணும். அன்னிக்கு மத்தியானம் நம்பினேன், இப்ப கையில கட்டு. அதனால சொல்ல வேண்டியதை எழுதுங்க. எழுத்துன்னா நிதானமாத் திருப்பித் திருப்பிப் படிச்சுப் பார்க்கலாம்.

அன்னிக்கு நடந்ததை என் பக்கத்துலேர்ந்து சொல்றேன். அணையைத் திறக்கப் போறாங்க, வாய்க்கால் தெரு முழுக்கக் காலி பண்ணி மேட்டுல இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு உங்க தெருக் குழு மைக்குல சொல்லிக்கிட்டுப் போச்சு. நான் வரலேன்னேன். தையல்காரம்மா வந்து கூப்பிட்டாங்க, வரலேன்னேன். ஆட்டோக்காரர் வந்தார், வரலேன்னேன். கடைசியா நீங்க வந்தீங்க. தலையில தண்ணி சொட்டச் சொட்ட வாசல்ல நின்னு, "மாமா, பாப்பா பள்ளிக்கூடப் படியில மயங்கி விழுந்துட்டா"ன்னீங்க.

என் பொண்ணு, வயித்துல ஆறு மாசம். கதவைக்கூடச் சாத்தல. செருப்பு போடல. ஏத்தத்துல வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினேன். போய்ப் பார்த்தா பாப்பா வராண்டாவுல தூண் மாதிரி நின்னுக்கிட்டு எல்லாருக்கும் ரொட்டி கொடுத்துக்கிட்டிருக்கா. "அப்பா, ஒருவழியா வந்துட்டீங்களா!"ன்னு சிரிக்கிறா. பின்னாடியே தையல்காரம்மா, "சார் ஐடியா பலிச்சிடுச்சு"ன்னு கைதட்டறாங்க.

தண்ணி வாய்க்கால் விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல. மழை யாருக்கும் எழுதிக் கொடுத்துட்டு வர்றதில்ல. நான் கேக்கறது வேற. பதிலை எழுதுங்க.

இப்படிக்கு,
மாமனார்


ஆகஸ்ட் 27

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு" என்று நீங்கள் ஆரம்பித்ததைப் பார்த்து உங்கள் மகள் சொன்னாள்: "அப்பா இவ்வளவு மரியாதை கொடுத்தா, ரொம்பக் கோபம்னு அர்த்தம்."

கை உடைந்ததற்கு வருத்தப்படுகிறேன். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பொய் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. நீங்கள் எழுத்தை நம்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனவே உள்ளதை எழுதுகிறேன்.

முந்தைய வெள்ளத்தின்போது நீங்கள் இந்தத் தெருவில் இல்லை. பஸ் டெப்போ குடியிருப்பில் இருந்தீர்கள். அப்போது இங்கே குழுவும் கிடையாது, மைக்கும் கிடையாது. நானும் ஆட்டோக்காரரும் மட்டும் வீடு வீடாகப் போய்த் தட்டினோம். கடைசி வீட்டில் அச்சாபீஸ்காரர் இருந்தார். "தண்ணி வருதுங்க, கிளம்புங்க" என்றேன். "பார்க்கலாம் தம்பி" என்றார். மரியாதையாகச் சொன்னேன், அவரும் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தக் கதவைத் திறக்க முடிந்தது. முதலில் உள்ளே போனவன் நான்.

அதற்குப் பிறகுதான் குழு ஆரம்பித்தோம். மருந்துக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு மீட்டிங், மீட்டிங் என்று ஓடுகிறேனே, "கடை நடத்துறாரா, கட்சி நடத்துறாரா" என்று நீங்கள்கூடக் கிண்டல் செய்வீர்களே, எல்லாம் அந்தக் கதவினால்தான்.

அன்று உங்கள் வாசலில் நின்றபோது நீங்களும் "பார்க்கலாம் மாப்பிள்ளை" என்றீர்கள். அதே வார்த்தை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். உடைந்த கை கூடிவிடும் மாமா.

அன்புடன்,
மாப்பிள்ளை


செப்டம்பர் 5

மாப்பிள்ளைக்கு,

"அவர்களுக்கு" எடுத்துட்டேன். பாப்பாகிட்ட காட்டுங்க.

அச்சாபீஸ்காரர் விஷயம் எனக்குத் தெரியாது. மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன். தங்கச்சி வந்து, "என்ன அண்ணே, மாப்பிள்ளை திட்டிட்டாரா?"ன்னா. இல்லேன்னேன். அவ நம்பல.

உங்க பக்கம் ஞாயம் இருக்கு. இருந்தாலும் என் பக்கத்தையும் கேளுங்க. என் வீட்டு வாசல்லேர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எவ்வளவு தூரம்? சும்மா நடந்தா ஒரு பீடி பிடிக்கிற நேரம். அந்தத் தூரத்துக்குள்ள நான் என் பொண்ணைப் பறிகொடுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது, டாக்டர் உதட்டைப் பிதுக்கறது, அவ மேல துணி மூடறது வரைக்கும் பார்த்துட்டேன். அவ நல்லாத்தான் இருக்கான்னு தெரிஞ்ச உடனே சந்தோஷம் வந்திருக்கணும்ல? வரல. ஓங்கி ஒண்ணு விடணும்னு கை வந்துச்சு. கர்ப்பமா நிக்கிற பொண்ணை. அதுக்கு அப்புறம்தான் கை உடைஞ்சிருக்கறதே தெரிஞ்சுது.

காலம் பூரா பஸ் ஓட்டினவன் நான். பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாம ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அதேமாதிரி, வீட்டு மாப்பிள்ளை வந்து வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னா, அது நடந்திருக்கும்னு ஒரு நம்பிக்கை. இனிமே நீங்க வந்து "பாப்பாவுக்கு முடியல"ன்னு சொன்னா நான் என்ன செய்யணும்? சிரிக்கணுமா, ஓடணுமா?

இதைத்தான் போன கடுதாசியில கேக்க வந்தேன். கோபத்துல விட்டுப்போச்சு.

பாப்பாவைப் படி ஏறி இறங்க விடாதீங்க.

மாமா


அக்டோபர் 2

மாமாவுக்கு,

நேற்று மத்தியானம் உங்கள் தங்கையின் போனுக்குக் கூப்பிட்டேன். இந்த முறை நீங்களே எடுத்தீர்கள். "மாமா, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன். பாப்பாவுக்கு ரத்தம் போகுது. ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. உடனே வாங்க" என்றேன். நீங்கள் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "நடிப்பு முன்னைவிட நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை. நான் ஊருக்கு வரணும்னா நேரா கூப்பிடுங்க, வர்றேன்." போனை வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தேன். அணைத்து வைத்திருந்தீர்கள்.

பெண் குழந்தை. நாள் நிறைவதற்கு முன்பே பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். என் உள்ளங்கையும் கொஞ்சம் மணிக்கட்டும் சேர்ந்த அளவுதான் இருக்கிறாள். உங்கள் மகளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இன்று காலை கண் விழித்து, தண்ணீர் கேட்டாள். இரண்டு பேருக்கும் ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். வரிசையாக எழுத வரவில்லை.

உள்ளே கொண்டுபோகும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கிளம்பிட்டாராங்க?" என்று கேட்டாள். "பஸ்ல ஏறிட்டார்மா, வந்துக்கிட்டே இருக்கார்" என்றேன். அதுவும் பொய்தான். அவள் நம்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிக்கணுமா ஓடணுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் கேள்வி புரிகிறது.

பேசினால் நம்ப மாட்டீர்கள் என்பதால் இதை எழுதி, உங்கள் ஊர்ப் பக்கம் போகும் மருந்துக் கம்பெனி வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஆஸ்பத்திரி சீட்டு ஒன்றையும் வைத்திருக்கிறேன். மாமனாருக்குச் சாட்சியோடு எழுத வேண்டிய நிலைமையை நான்தான் உண்டாக்கினேன்.

மாப்பிள்ளை


அக்டோபர் 11

மாப்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரியில உங்ககிட்ட ஒண்ணும் பேசாமலே திரும்பி வந்துட்டேன். அந்த நடையில நாம ரெண்டு பேரும், வேற வேற பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கறவங்க மாதிரி நின்னுக்கிட்டிருந்தோம். "சாப்பிட்டீங்களா மாமா"ன்னீங்க. "ஆச்சு"ன்னேன். நீங்களும் சாப்பிடல, நானும் சாப்பிடல.

சீட்டு எடுத்துப் பார்க்கவே இல்ல. கடுதாசியில உங்க கையெழுத்து நடுங்கியிருந்துச்சு, அது போதும். அப்படியே பஸ் ஏறினேன்.

பாப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "வந்துட்டீங்களாப்பா"ன்னு என் கட்டுப் பிரிச்ச கையைத் தடவிப் பார்த்தா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பேத்தி பெட்டிக்குள்ள தூங்கிக்கிட்டிருந்தா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் விரலை வெச்சேன். நர்ஸ் "தொடாதீங்க, கறை படும்"னாங்க.

நான் போனை அணைச்சுட்டு என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? கால் மேல கால் போட்டு டீ குடிச்சுக்கிட்டு, தங்கச்சிகிட்ட, "ஒரு தடவை ஏமாந்தாச்சு, ரெண்டாவது தடவை ஏமாற நான் என்ன கேனையனா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவ சிரிக்கல. "குரல் அழற குரலா இருந்துச்சே அண்ணே"ன்னா. நான் கேக்கல.

யார் மேல தப்புன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். உங்க மேலன்னு ஆரம்பிச்சா என் மேல வந்து முடியுது. என் மேலன்னு ஆரம்பிச்சா உங்க மேல வந்து முடியுது. அதோட விட்டுட்டேன்.

குழு வேலையை நிறுத்திடப் போறீங்கன்னு பாப்பா சொன்னா. நிறுத்தாதீங்க.

மாமா


அக்டோபர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பாவும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். குழந்தை பாலைக் குடித்துவிட்டு என்னை முறைக்கிறாள். உங்கள் ஜாடை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

குழுவை விட்டு விலகுவதாகச் சொல்லத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்குப் போனேன். உங்களிடம் சொன்ன பொய்யையும், அதன் பிறகு நடந்ததையும் எழுந்து நின்று சொன்னேன். இனிமேல் யார் வாசலிலும் யாரும் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு விதி வைக்க வேண்டும் என்றும் கேட்டேன். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஆட்டோக்காரர், "சார், உசுரு போறதைவிடப் பொய் பெருசா?" என்றார். தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டே, "நானும் அன்னிக்கு ஒரு வீட்டுல ‘போலீஸ் வந்து இழுத்துட்டுப் போகும்’னு சொன்னேன். அந்த அம்மா இன்னும் என்கிட்ட துணி தைக்கக் கொடுக்கறதில்ல" என்றார். வேறு ஒருவர், "உண்மையைச் சொல்லி வரலேன்னா என்ன பண்றது, விட்டுட்டு வர்றதா?" என்று கேட்டார். எனக்கு அச்சாபீஸ்காரரின் கதவு ஞாபகம் வந்தது.

கடைசியில் தையல்காரம்மாதான் ஒன்று சொன்னார். "ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு மழைக்கு முன்னாடியே போய்க் கேட்டா என்ன?" இத்தனை நாளாகக் கயிறு, டார்ச், படகு என்று வாங்கிச் சேர்த்தோமே தவிர, இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரமே வெயில் நேரத்தில் வீடு வீடாகப் போனோம். ஒரு அம்மா, நாயை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வருவதில்லையாம். வெல்டர் ஒருவர், பூட்டிவிட்டு வந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். இதெல்லாம் சரிசெய்யக் கூடியதுதான். நாய்க்கு வகுப்பறைக்கு வெளியே இடம் ஒதுக்கியாகிவிட்டது.

தெருவில் எல்லோரையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. உங்களை நான் கேட்கவே இல்லை. பிடிவாதம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நீங்கள் ஏன் வரமாட்டேன் என்றீர்கள் மாமா?

அன்புடன்,
மாப்பிள்ளை


நவம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

இதைப் படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடுங்க. பாப்பாகிட்ட காட்டக் கூடாது. தெருக் குழுவுல வாசிக்கவே கூடாது.

எனக்கு ஒண்ணுக்குப் போறதுல தொந்தரவு. வந்தா அடக்க முடியாது. போனா முழுசா வராது. வந்த கொஞ்ச நேரத்துலயே மறுபடி போகணும். புராஸ்டேட்னு டாக்டர் சொன்னார். மாத்திரை சாப்பிடுறேன். அந்தப் பள்ளிக்கூடத்துல கக்கூஸ் மாடியில, ஒரே ஒண்ணு. தெருவே அங்க வந்து வரிசையில நிக்கும், பொம்பளைங்க குழந்தைங்களோட. நடுவுல நான் எத்தனை தடவை போய் நிக்கிறது? ஒரு தடவை நனைஞ்சுபோச்சுன்னா அப்புறம் அந்தத் தெருவுல நான் எப்படி நடமாடுறது? தண்ணி வந்தா கட்டில் மேல ஏறிக்கலாம். இதுக்கு எங்க ஏறறது?

இதை உங்ககிட்ட சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. மருந்துக் கடை வெச்சிருக்கற மாப்பிள்ளைகிட்ட எந்த மாமனார் போய் இந்த மாத்திரையைக் கேப்பான்? ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்கற கடையிலதான் வாங்கிக்கிட்டிருந்தேன். அவன் விலையும் ஏத்திச் சொல்லுவான், பேரையும் சத்தமாச் சொல்லுவான். பரவாயில்லேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கினேன்.

நீங்க அன்னிக்கு "ஏன் மாமா"ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். "பார்க்கலாம் மாப்பிள்ளை"ன்னுதான் சொல்லியிருப்பேன். அதனால முழுப் பழியையும் நீங்க சுமக்க வேண்டாம். பாதியை நான் வாங்கிக்கறேன்.

மாமா


நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கிழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் பூட்டிக் கிடந்த இரண்டு கழிப்பறைகளைத் திறந்து சுத்தம் செய்து, தண்ணீர் இணைப்பு கொடுத்தாகிவிட்டது. "வயசானவங்க படி ஏற மாட்டாங்க" என்று மட்டும்தான் மீட்டிங்கில் சொன்னேன். சொன்ன உடனே நாலைந்து ஆண்கள் ஒரே நேரத்தில் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். வழக்கமாக வாயே திறக்காதவர்கள்.

நீங்கள் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். சளி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அடைப்பு அதிகமாகும் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொரு விஷயம். அடுத்த மாதம் தலைநகரில் தெருக் குழுக்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். குழந்தையை விட்டுப் போக மனசில்லை. "நீங்க போங்க, அப்பா வந்து இருப்பார்" என்கிறாள் உங்கள் மகள். உங்களை நேராகக் கூப்பிடச் சொன்னீர்கள். நேராகவே கூப்பிடுகிறேன். வீட்டுக்கு வாங்க மாமா.

மாப்பிள்ளை


டிசம்பர் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன் எதுவும் வேலை செய்யல. ரோடும் துண்டாகிக் கிடக்கு. நிவாரண லாரி டிரைவர் ஒருத்தர் நம்ம டெப்போ ஆளோட தம்பி, அவர் கையில இதைக் கொடுத்து அனுப்புறேன். முதல்ல முக்கியமானது: பாப்பாவும் குழந்தையும் பள்ளிக்கூடத்துல நல்லா இருக்காங்க. தண்ணி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கொண்டுபோய் விட்டுட்டேன். சத்தியமா உண்மை. கீழ பாப்பாவே ஒரு வரி எழுதியிருக்கா பாருங்க.

உங்க கடையில இடுப்பளவு ஏறிச்சு. மருந்தையெல்லாம் ஆட்டோக்காரரும் நானும் மேல் அலமாரியில ஏத்திட்டோம். நாற்காலி ஒண்ணு போயிடுச்சு.

அறிவிப்பு வந்தது முந்தாநாள் காலையில. நீங்க இல்லாததால, "அய்யா, நீங்க ஆம்பளைங்க இருக்கற வீட்டைப் பாருங்க"ன்னு தையல்காரம்மா என்னை அனுப்பிட்டாங்க. போனேன். ரெண்டு மூணு பேரை ஓரமாக் கூப்பிட்டு, கீழேயே கக்கூஸ் இருக்குங்கற விஷயத்தைக் காதுல சொன்னேன். மறு பேச்சு இல்லாம கிளம்பினாங்க. எனக்கே ஆச்சரியம், இத்தனை பேரா!

அப்புறம் மாவு மில்காரர் வீடு. வரமாட்டேன்னுட்டார். ஏங்கன்னு கேட்டேன். "போய்யா"ன்னார். உக்காந்து பேசினேன். என் சங்கதியையே அவர்கிட்ட சொல்லிட்டேன், அதுக்கும் அசையல. அவர் பையன் நம்ம டெப்போவுலதான் வேலை பார்க்கிறான். "உங்க பையனுக்கு அடிபட்டுடுச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வேட்டி அவிழ ஓடி வந்திருப்பார். நாக்கு நுனியில வந்து நின்னுச்சு மாப்பிள்ளை. தெரு முனையிலேர்ந்து விசில் ஊதறாங்க, வாய்க்கால் சத்தம் மாறுது, இந்த மனுஷன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அந்த வாசல்ல நிக்கும்போதுதான் உங்க முகம் எனக்குத் தெரிஞ்சுது. தலையில தண்ணி சொட்ட நின்னீங்களே, அந்த முகம்.

சொல்லல. "தண்ணி வருமான்னு எனக்குத் தெரியாது. வந்தா உங்க கதவு உசரம் வரும்னு சொல்றாங்க. நாங்க மறுபடி வர முடியாது"ன்னேன். கதவைச் சாத்திட்டார். ஜன்னல் வழியா ஒரு கயிறும் விசிலும் தண்ணி பாட்டிலும் போட்டுட்டு, "பரணுக்கு ஏறிக்குங்க"ன்னு கத்திட்டு வந்தேன். மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தா அவர் வீட்டு ஜன்னல் பாதி இல்ல.

அதுக்கப்புறம் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. பாப்பா குழந்தையை என் மடியில போட்டா. அது சமத்தா தூங்குது. இந்த மனுஷன் செத்துட்டா, நான் காப்பாத்தினது அவரையா இல்ல என் நாக்கையான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

மறுநாள் படகு போச்சு. பரண்ல உக்காந்து விசில் ஊதிக்கிட்டிருந்தாராம். கொண்டுவந்து இறக்கினாங்க. போர்வையைச் சுத்திக்கிட்டு நேரா என்கிட்ட வந்தார். நன்றி சொல்லப் போறார்னு நினைச்சேன். "ஏன்யா, என்னை இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்ல? ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?"ன்னார்.

டீயை ஆத்திக் கொடுத்தேன்.

நான் செஞ்சது சரிதானான்னு இன்னும் தெரியல. அவர் பிழைச்சதால இந்தக் கடுதாசியை இப்படி எழுதுறேன். இல்லேன்னா வேற மாதிரி எழுதியிருப்பேன், இல்ல எழுதியே இருக்க மாட்டேன். உங்க பயிற்சியில பெரிய ஆளுங்க யாராவது இருந்தா கேட்டுட்டு வாங்க. அவங்களுக்கும் தெரியலேன்னா பரவாயில்ல. அடுத்த தடவை நீங்களும் நானும் சேர்ந்தே வாசல்ல போய் நிப்போம். யார் நாக்கு நுனிக்குப் பொய் வருதோ, அவர் காலை இன்னொருத்தர் மிதிக்கணும்.

ரோடு சரியானதும் நிதானமா வாங்க. அவசரப்பட வேண்டாம்.

மாமா

(அப்பா எழுதினது எல்லாம் உண்மைதாங்க. ஆனா நிதானமா வர வேண்டாம், சீக்கிரம் வாங்க. – பாப்பா)